சந்தனம் வைத்த மதர்போர்ட்

இல்லத்தரசி வேலை என்றால் சமைப்பதும் கூட்டுவதும் என்று நினைக்கிறவர்கள் அந்த வேலையைச் செய்து பார்க்காதவர்கள்; உண்மையான வேலை, கேட்காமல் வந்து சேர்ந்த சாமான்களை, கொடுத்தவர் மனம் நோகாமல் வீட்டுக்குள் எங்கேயாவது பொருத்தி வைப்பது. உங்கள் வீட்டிலும் இருக்கும்: பெட்டி பிரிக்காத மூன்று சுவர்க் கடிகாரம், ஆட்கள் வரும்போது மட்டும் அலுமாரியிலிருந்து மேசைக்கு இறங்கும் ஒரு பூச்சாடி, ஒருவருக்கும் அளவில்லாத ஒரு பச்சைக் கார்டிகன்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மேட்டில் இருக்கிற எங்கள் வீட்டில் பதினேழு வருடமாக இந்தத் தொழில் பார்க்கிறேன். எதையும் எதோடும் பொருத்திவிடுவேன் என்று ஒரு திமிர் இருந்தது. மகளின் முதல் கேமிங் கம்பியூட்டரோடு அது போய்விட்டது. பிள்ளைக்கு அப்படி ஒன்று வாங்க யோசிக்கிற தாய்மார்கள் யாராவது இதை வாசித்தால், தப்பிக்க வழி சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்குத் தெரிந்த வழி ஒன்றும் இல்லை. துணைக்கு ஓர் ஆள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மணையில் உட்கார ஒரு நிபந்தனை

மகள் பெயர் யாழினி, வயது பதின்மூன்று. அவள் பெரியபிள்ளை ஆன செய்தி போனதும் இரண்டு பக்கமும் விழித்துக்கொண்டது. என் பக்கம், ஹேவாஹெட்டத் தோட்டம் ஒன்றில் பீல்ட் ஒபீசராக இருக்கும் சேகர் அண்ணன். "சடங்கு பெருசா செய்யணும்" என்றார். என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். அவர் பக்கம், பேராதனையில் தனியாக இருக்கும் அவருடைய அக்கா. ஓய்வுபெற்ற டீச்சர், பிள்ளைகள் இருவரும் லண்டனில். அவர்கள் வழக்கப்படி நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுகிறேன். மச்சாள் "சாமத்தியவீட்டுக்கு" நாளே பார்த்துவிட்டார். மண்டபம், வீடியோ, பலகாரம் எல்லாம் முடிவானபின் யாழினிக்குச் சொன்னோம்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அரை மணித்தியாலத்தில் ஒரு தாளோடு வந்தாள். வளையல், சங்கிலி ஒன்றும் வேண்டாம். சீர் கொடுக்கிறவர்கள் ஆளுக்கொரு கம்பியூட்டர் பார்ட்ஸ் கொடுக்கட்டும். அப்படியென்றால் மூன்று மணித்தியாலம் மணையில் உட்காருவேன், சிரிக்கவும் செய்வேன் என்றாள்.

காரணம் ஸஹ்ரா. ஒன்றாம் வகுப்பிலிருந்து இவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். போன வருடம் குடும்பத்தோடு மெல்பேர்ன் போய்விட்டாள். யாழினியின் வகுப்பில் இப்படிப் போனவர்கள் போக மிஞ்சியிருக்கிறவர்களை வைத்து ஒரு நெட்போல் டீம் சேர்ப்பது கஷ்டம். ஐந்து பேர் சேர்ந்து விளையாடும் ஒரு கேமுக்கு ஸஹ்ரா அங்கே கோஷ்டி சேர்த்து, ஐந்தாவது இடத்தை இவளுக்கு வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் இருந்ததோ என் வீட்டுக்காரரின் ஒபீஸில் கழித்துக் கொடுத்த லெப்டொப். ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் சூடேறி அணைந்துவிடும். சடங்கு முடிந்து மூன்றாவது சனிக்கிழமை கோஷ்டியின் பெயர்களைக் கொடுக்க வேண்டுமாம். அதற்குள் ஒழுங்கான மெஷின் இல்லாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்கு.

சரி, வாக்குக் கொடுக்கிறேன் என்றேன். யாழினி பேனாவையும் நீட்டினாள்.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க அம்மா. நீங்க மறக்கிற ஆள் இல்ல, மறந்த மாதிரி இருக்கிற ஆள்."

எண்களை வெட்டியவள்

அவள் தந்த தாளில் ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் வாகன நம்பர் மாதிரி எழுத்தும் எண்ணுமாக ஒரு வால் நீண்டிருந்தது. எனக்கு முகம் சுருங்கியது. கான்வென்டில் எங்களுக்கு நல்லொழுக்கம் படிப்பித்த சிஸ்டர், பரிசு தருகிறவரிடம் இன்ன வகை, இன்ன அளவு என்று கேட்பதைவிடப் பிச்சை கேட்பது கௌரவம் என்று சொல்லித் தந்திருந்தார். சீர் கொண்டு வருகிற ஒரு மனிதரிடம் இப்படி எண் சொல்லிக் கேட்டால் பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறேன் என்று நினைப்பார்கள்?

ஆகவே எண்களை வெட்டினேன். பூப்போட்ட சிறு அட்டைகளில், எனக்கே பொறாமை வருகிற கையெழுத்தில், "மதர்போர்ட் – ஒன்று", "கிராபிக்ஸ் கார்ட் – ஒன்று", "பவர் சப்ளை – ஒன்று" என்று எழுதி வீடு வீடாக அனுப்பினேன். பிராசஸரை நானும் யாழினியும் போய் வாங்கினோம். அவள் பக்கத்தில் நின்றதால் அது சரியானதாக வந்தது. கேசிங், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற பெட்டியை, நானே தனியாகப் போய்த் தெரிந்தெடுத்தேன். சின்னது, வெள்ளை நிறம். ஹோலில் இருக்கிற அலுமாரிக்கு அப்படியே எடுப்பாக இருந்தது. வேறு என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரெம்மையும் டிஸ்கையும் திரையையும் இவர் மகளின் தாளைப் பார்த்து ஒழுங்காக வாங்கி வந்தார். வந்தவர் என் அட்டைகளில் ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சேரும், இது கலியாணத்துக்குத் தேங்காய் சொல்லிவிடுற மாதிரியெல்லோ கிடக்கு. தேங்காயெண்டா எந்தத் தேங்காயும் எந்தக் கறிக்கும் சரிவரும்."

தட்டு வரிசை

சடங்கன்று மண்டப வாசலில் தட்டுகள் வரிசையாக வந்தன. முதல் தட்டில் வாழைப்பழம், இரண்டாவதில் பலகாரம், மூன்றாவதில் சாரி, நான்காவதில் சிவப்புப் பட்டுத்துணி விரித்து, மூன்று விசிறியோடு ஒரு கிராபிக்ஸ் கார்ட். அண்ணன் தோட்டத்திலிருந்து மேளகாரர்களையும் ஏற்றி வந்திருந்தார். பெட்டியோடு வைத்தால் யாருக்கும் தெரியாது என்று கார்டைப் பிரித்தே வைத்திருந்தார். செங்கல்லைவிட நீளம். "கடையில இருந்ததிலயே பெருசு" என்று வீடியோக்காரரிடமும் சொன்னார்.

மச்சாள் தோற்கிற ஆள் இல்லை. அவருடைய மூத்த மகன் லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் மதர்போர்ட் கொடுத்து அனுப்பியிருந்தான். எல்லாப் பாகங்களையும் தாங்குகிற பலகை அதுதான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்; அந்தப் பெருமையோடு தட்டில் வைத்திருந்தார். பலகையின் நடுவில், பிராசஸர் உட்காருகிற சதுரத்தைக் கறுப்பு மூடி ஒன்று மூடியிருக்கும். அதில் ஆங்கிலத்தில் "அகற்றவும்" என்று அச்சடித்திருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் வினாத்தாளில் உள்ளபடி செய் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர் அல்லவா. அகற்றிவிட்டார். கீழே மயிர் மாதிரி மெல்லிய பொன்னிற ஊசிகள். அதன் மேல் மோதிர விரலால் சந்தனத்தை அழுத்தி, சந்தனத்தின் மேல் குங்குமமும் வைத்து, தட்டை யாழினியின் மடியில் கொண்டுவந்து வைத்தார்.

ஒப்பந்தப்படி யாழினி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வீடியோவில் அந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடியிருக்கிறாள். ஆசீர்வாதத்தில் உருகிப்போனாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மச்சாள் குனிந்து அவளுக்குத் தட்டைக் காட்டினார்.

"பார் பிள்ளை, நடுவில பொட்டு வைக்கவெண்டே ஒரு சதுரம் விட்டிருக்கிறாங்கள். வெள்ளைக்காரனுக்கும் சம்பிரதாயம் தெரியுது."

நாலு கீபோர்ட்

மறுநாள் காலை ஹோலில் பாய் விரித்துச் சீர்களைப் பிரித்தோம். கீபோர்ட் ஒன்று. இன்னொரு கீபோர்ட். மூன்றாவதும் கீபோர்ட். நான்காவதைப் பிரிக்க முன்பே யாழினி "கீபோர்ட்" என்றாள். எல்லாம் ஏழு நிறத்தில் மின்னுகிற ரகம். பவர் சப்ளை மட்டும் இல்லை. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெட்டி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் காட்சிப் பொருள்.

விசாரித்தேன். அந்த அட்டை இவருடைய சித்தப்பாவுக்குப் போயிருக்கிறது. அவர் அது என்ன சாமான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அட்டையைத் தன் சம்பந்தி வீட்டுக்குத் தள்ளிவிட்டு, கீபோர்ட் வாங்கியிருக்கிறார். சம்பந்தி வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு. இப்படியே நாலு வீட்டுப் படி ஏறி இறங்கி, நாலாவது வீட்டில் என் பூப்போட்ட அட்டை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்ததாம், அழகாக இருக்கிறதென்று. எனக்கு வந்த கோபத்தில் சித்தப்பாவுக்கு நேரே போன் எடுத்தேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"உள்ளுக்க மறைஞ்சு கிடக்கிற சாமானைக் குடுத்தா, நான் குடுத்தனெண்டு ஆருக்குத் தெரியும், பிள்ளை?"

மடவளை நாநாவின் மேசை

டவுனில் ஒரு மாடிக் கடை. கம்பியூட்டர் பாகங்களைப் பூட்டித் தருகிறவர் மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், என் வயதுதான் இருக்கும். எல்லாரும் நாநா என்கிறார்கள், நானும் நாநா என்றேன். நானும் யாழினியும் கொண்டுபோன சாமான்களை ரப்பர் விரிப்பில் ஒவ்வொன்றாக வைத்தார். வைக்க வைக்க அவர் முகம், எக்ஸ்ரே பார்க்கிற டொக்டரின் முகம் மாதிரி மாறியது.

பிராசஸர் ஒரு கம்பெனி, போர்ட் மற்றக் கம்பெனிக்காரனுக்குச் செய்தது; ஒன்றில் ஒன்று உட்காராது. ரெம்மின் வெட்டு ஓரிடத்தில், போர்டின் மேடு வேறிடத்தில். அண்ணனின் கார்ட் என் வெள்ளைப் பெட்டியைவிட இரண்டு விரல் நீளம். போர்டுக்குப் பொருத்தமான பிராசஸர் வாங்கினால் என்ன என்று கேட்டேன். நாநா பூதக்கண்ணாடியைத் தந்தார். காய்ந்த சந்தனத்துக்குள் ஊசிகள் சாய்ந்து, வளைந்து, சில ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன. இதற்கு வைத்தியம் இல்லை என்றார். வாரண்டி என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. குங்குமம் வைத்த சாமானோடு எந்த நாட்டுக் கம்பெனியிடம் போய் நிற்பது?

அப்போது யாழினி புத்தகப் பைக்குள்ளிருந்து தன் பழைய தாளை எடுத்து மேசையில் வைத்தாள். வாலோடும் எண்ணோடும் இருந்த அசல் தாள். நாநா அதை மேலிருந்து கீழ் வரைக்கும் இரண்டு தரம் வாசித்தார். பென்சிலால் ஒன்றிரண்டு இடத்தில் தொட்டுப் பார்த்தார். யாழினி என்னைப் பார்க்கவில்லை. கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா, புள்ள எழுதினதுல ஒரு பிழையும் இல்ல. எல்லாம் ஒண்டுக்கொண்டு பொருந்துது. இத வச்சிக்கிட்டு நீங்க என்னத்துக்கு வேற லிஸ்ட் எழுதினீங்க?"

இரண்டு விரல்

கார்டைக் கொஞ்சம் சின்னதாக மாற்றினால் என் வெள்ளைப் பெட்டி தப்பும். அண்ணனுக்குப் போனில் மெதுவாகத்தான் சொன்னேன். தாய்மாமன் கொண்டு வந்த சீர் நீளம் கூடிப்போச்சு என்று திருப்பிக் கொடுத்ததாக இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லை என்றார். அவர் சொன்னது சரிதான், நானும் கேள்விப்பட்டதில்லை.

முதலாவது சனிக்கிழமை அண்ணன் வந்து இறங்கினார். கையில் தொழிற்சாலையில் கேட்டு வாங்கிய, இரும்பு வெட்டுகிற மெஷின். கூடவே பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. என் வெள்ளைப் பெட்டியை முற்றத்தில் கவிழ்த்து, பென்சிலால் கோடு போட்டார். யாழினி படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்பேர்னில் அந்த நேரம் கோஷ்டி பயிற்சிக்குக் கூடியிருந்தது. இவள் ஒரு சனிக்கிழமையை இழந்தாயிற்று. வெட்ட வேண்டாம் அண்ணா என்றேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீ பேசாம இரு தங்கச்சி. பெட்டிய வெட்டலாம், தாய்மாமன் சீர வெட்ட முடியாது."

பேராதனையில் சொல்லப் போனது

வெட்ட விடவில்லை. வெள்ளைப் பெட்டியை நாநாவிடம் கொடுத்து, பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடியாலான ஒரு பெரிய கறுப்புப் பெட்டி மாற்றி எடுத்தேன். அலுமாரிக்கு எடுப்பில்லை, போகட்டும். கீபோர்டுகளில் மூன்றை எடுத்துக்கொண்டு அவரே ஒரு பவர் சப்ளையும் தந்தார். மிச்சம் போர்ட். மகளின் தாளில் உள்ள அதே எண், ஒருவர் பாவித்துக் கழித்தது, நாநாவின் கையில் இருந்தது. எடுத்துப் பூட்டச் சொல்வது நிமிட வேலை. ஆனால் மச்சாளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிச் செய்வது? உள்ளதைச் சொல்லிவிடுவோம், சொல்லித்தானே பழக்கம் என்று பேராதனைக்கு பஸ் ஏறினேன்.

மச்சாள் போனும் கையுமாக இருந்தார். சடங்கு வீடியோவில் தன்னுடைய தட்டு வருகிற துண்டை மட்டும் வெட்டி எடுத்து லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் அதைத்தான் எனக்கும் போட்டுக் காட்டினார். இரண்டாவது மகன் இன்னும் பார்க்கவில்லை. மூத்தவன் ஒரு பெருவிரல் அடையாளம் போட்டிருக்கிறான். "பெருவிரல் போட்டவன்" என்று எனக்கு விரலைத் தூக்கியும் காட்டினார். அவன் சாதாரணமாகப் போன் எடுப்பதேயில்லையாம். வருடப் பிறப்புக்கும் பிறந்தநாளுக்கும்தான். நான் பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வசனங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மச்சாள் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

"இந்தப் போர்டை எது வாங்கிறது, ஆரிட்டக் குடுத்தனுப்பிறது எண்டு ஒரே கிழமையில மூண்டு தரம் எடுத்துக் கதைச்சவன், பிள்ளை."

வாரண்டிச் சீட்டு

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். என் நாக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். இரண்டாவது சனிக்கிழமையும் போயிற்று. யாழினி இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள். கேட்காத பிள்ளைக்குச் சோறு போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குப் போனேன். உங்களிடம் இருக்கிற அந்தப் பாவித்த போர்டைப் பூட்டுங்கள் நாநா, வருவது வரட்டும் என்றேன். ஜும்ஆத் தொழுகைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கடை சாத்துவார். பதினொன்றரைக்கு மெஷின் எழுந்து நின்றது. கண்ணாடிச் சுவருக்குள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாமே தெரிகிறது. நாளைக்கு மச்சாள் வந்து குனிந்து பார்ப்பார். பார்க்கிறவர் தேடப்போவது போர்டை இல்லை. அவருக்குப் போர்ட் எது, விசிறி எது என்று தெரியாது. தன் பொட்டைத்தான் தேடுவார்.

கைப்பையில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். நாநா சிரிக்கவில்லை. வயர்கள் குத்துகிற இடத்தின் மேல் இருக்கிற ஒரு கறுப்பு மூடியைக் காட்டி, இது வெறும் பிளாஸ்டிக், இதில் வைத்தால் ஒன்றும் ஆகாது என்றார். லைட்டையும் பிடித்தார். நான் மோதிர விரலால் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். அவர் கண்ணாடியை மூடித் திருகாணி முறுக்கிவிட்டு, பில் புத்தகத்தைத் திறந்தார்.

"வாரண்டிச் சீட்டுல இதயும் எழுதவா அக்கா?"

சனி, இரண்டு மணி

மெல்பேர்னில் மாலை ஆறரை, எங்களுக்குப் பிற்பகல் இரண்டு. ஒன்றரைக்கே அண்ணன் வந்துவிட்டார், மச்சாளும் வந்துவிட்டார், கீபோர்ட் தந்த சித்தப்பாவும் வந்தார். எஞ்சியது அவருடைய கீபோர்ட்தானா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அவர் அதைத் தடவிக் கொடுத்து, தன்னுடையதுதான் என்று எல்லாருக்கும் சொன்னார். நான் மறுக்கவில்லை.

மெஷினைப் போட்டோம். விசிறி சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. ஆளாளுக்குப் பின்னால் போய்க் குனிந்தார்கள். "மாமா, கொஞ்சம் தள்ளுங்க" என்று யாழினி மூன்று தரம் சொன்னாள். அவளுடைய மெஷினுக்குக் கிட்டப் போக அவளுக்கு இடமில்லை. நேரம் இரண்டாக எட்டு நிமிடம். எனக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "எல்லாரும் போய்க் கதிரையில உட்காருங்க" என்றேன், எங்கள் சிஸ்டரின் குரலில். உட்கார்ந்தார்கள். யாழினி பின்னால் போய், திரையின் வயரை மேல் ஓட்டையிலிருந்து பிடுங்கிக் கீழே, கார்டில் குத்தினாள். மேலே குத்தியது அண்ணன். இந்தப் பிராசஸருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது, கார்ட் வழியாகத்தான் வரும் என்று அவளுக்கு முதலே தெரியுமாம். திரை வெளிச்சமானது.

மச்சாள் எழுந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டியின் கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். நடுச் சதுரத்தில் வைத்தது மேலே எப்படிப் போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது என்று அதுவரைக்கும் நான் யோசித்திருக்கவில்லை. நெடுநேரம் பார்த்தார். "ஓம், நான் வைச்ச பொட்டு அப்பிடியே கிடக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். யாழினி போர்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் போர்டின் எண்ணை எழுதியவளே அவள்தான்.

ஸ்பீக்கரில் ஸஹ்ராவின் குரல் வந்தது. "எங்கடி போன? ரெண்டு கிழமையா ஒனக்குக் காய்ச்சல்னு செல்லி வச்சீக்கேன். இன்னைக்கும் வராட்டி ஆஸ்பத்திரில போட்டிருப்பேன்." இடம் இருந்தது. யாழினி சிரித்த சிரிப்பு அந்த மூன்று மணித்தியால வீடியோவில் எங்கேயும் இல்லை. அதற்குள் மச்சாள் முன்னால் சாய்ந்து, "தங்கச்சி, அங்க சரியான குளிரோ?" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டார். யாருடி அது என்றாள் ஸஹ்ரா. யாழினி கண்ணிமைக்காமல் பதில் சொன்னாள்.

"எங்க மாமி. மதர்போர்ட் குடுத்தவங்க."

இப்போது

மச்சாள் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றரைக்கு வருகிறார். மெஷினுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு கதிரை போட்டிருக்கிறேன். யாழினி சுடுகிறாள், ஓடுகிறாள், சாகிறாள், மறுபடி எழும்புகிறாள். மச்சாள் மெல்பேர்ன் பிள்ளைகள் நால்வரில் யாருக்கு இருமல் என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறார். யாழினி பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். வர வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் இல்லை. கண்ணாடி வழியாகப் பொட்டைப் படமெடுத்து லண்டனுக்கு அனுப்புகிறார். போன கிழமை மூத்தவன் போன் எடுத்து, போர்ட் சூடாகிறதா என்று விசாரித்தானாம். அந்தப் போர்ட் என் அலுமாரியில், கூறைச் சாரிக்குக் கீழே, குளிராக இருக்கிறது.

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒன்று, விசிறிக் காற்றுக்குச் சந்தனம் காய்ந்து உதிரும் என்பது. ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்கு வைத்த கையோடு இரண்டு திருகாணியைக் கழற்றி, கண்ணாடியைத் திறந்து, புதிதாக வைக்கிறேன். யாழினி போன் வெளிச்சம் பிடிப்பாள். ஒரு நாளும் என்னை ஒன்றும் கேட்டதில்லை, நேற்றுத்தான் வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் இடப் பக்கமா வைங்க அம்மா, போன கிழமை மாமி எடுத்த போட்டோவுல அங்கதான் இருந்திச்சு."

ஒன்றோடொன்று பொருந்தாமல் மூன்று கிழமை என்னை அலைய வைத்த பாகங்களெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகின்றன. வாராவாரம் திறந்து பராமரிக்க வேண்டியிருப்பது எந்த லிஸ்டிலும் இல்லாத அந்தப் பொட்டை மட்டும்தான்.